ஜீப் டயர் மட்காட்டில் உரசினால்: ஃபிளேயர் கழற்றுவதும் தகரம் வெட்டுவதும்

பெரிய டயர் மாட்டிய ஜீப்பில் உரசல் சத்தம் கேட்டதும் பலருடைய கை கிறைண்டரைத் தேடிப் போகிறது. யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு வருபவை பெரும்பாலும் வயதான வாகனங்கள்: இரண்டாம் தலைமுறைப் பஜெரோ, மொன்ரேறோ, ஹைலக்ஸ் டபிள் கப், ஜிம்னி, இடைக்கிடை ஒரு டிஃபெண்டர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய ஜீப்பின் விலையும் ஏறியது, அதன் பொடிச் (வெளித்தகர உடல்) சாமான்களின் விலையும் ஏறியது. ஒரு மட்காட்டைப் பிழையாக வெட்டிவிட்டு, இன்னொன்று வாங்கிப் பூட்டலாம் என்று இருக்க முடியாது.

ஆகவே வெட்டுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். எது எதில், எந்த நேரத்தில் தொடுகிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் தகரத்தில் கை வைக்க வேண்டும். வெட்டினால், வெட்டிய விளிம்பை அன்று பொழுதுபட முன் மூடிவிட வேண்டும். கடலும் களப்பும் சுற்றியிருக்கிற ஊரில் வெறும் இரும்பு விளிம்பு ஒரே இரவில் மஞ்சள் பூத்துவிடும்.

ஃபிளேயர் என்பது மட்காட் விளிம்பில் வெளியே நீட்டிப் பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை. அறிகுறி அறிகுறியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் வாகனத்துக்குப் பொருந்தும் இடத்துக்கு நேரே போகலாம். அடுத்து வரும் சுண்ணாம்புச் சோதனையை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எங்கே தொடுகிறது என்று பிடிப்பது

சத்தத்தை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது. முன்னுக்குக் கேட்கிறது என்று நினைப்பது சில்லு வளைவின் பின்மூலையாக இருக்கும். மட்காட் என்று நினைப்பது உள்ளே ஸ்டெபிலைசர் பாராக (வாகனம் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கம்பி) இருக்கும். சுண்ணாம்பைத் தோசை மா பதத்தில் குழைத்து, மட்காட்டின் உள் விளிம்பு, பம்பர் மூலை, உள் லைனர் (மட்காட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு), சேசிஸ் ஓரம், ஸ்டெபிலைசர் பார் எல்லாவற்றிலும் மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். டிஃபெண்டர் போன்ற அலுமினியத் தகரத்தில் சுண்ணாம்பு வேண்டாம், அது அலுமினியத்தை அரிக்கும். அங்கே சோக் கட்டியால் தேய்த்தால் போதும்.

பிறகு மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். முதலில் வெறும் வாகனத்தை ஒரு வெளியில் வைத்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக எடுங்கள். அடுத்ததாக, பின்னுக்கு நாலு சீமெந்துப் பை ஏற்றி, ஆட்களையும் இருத்தி, வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். கடைசியாக ஒரு முன் சில்லையும் அதற்கு எதிர் மூலைப் பின் சில்லையும் உயர்த்திப் பார்க்க வேண்டும். எங்கள் நிலம் தட்டையானது, மலைச் சரிவு தேடிப் போக முடியாது. வயல் வரம்போ, ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்திய பனங்குற்றியோ போதும். அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்ப்பதை மறக்க வேண்டாம், ஏனென்றால் உண்மையான உரசல் அநேகமாக அந்தச் சேர்க்கையில்தான் வெளிப்படும்.

வெள்ளை அழிந்த இடம்தான் உங்கள் இடம். அதை மார்க்கரால் சுற்றி வட்டம் போட்டு, தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பைக் கழுவிவிடுங்கள். டயரின் தோளையும் பாருங்கள். கட்டைகள் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் பிளாஸ்டிக்கில் உரசியிருக்கிறது. கீறி வெட்டுப்பட்டிருந்தால் தகர விளிம்பில் உரசியிருக்கிறது. இரண்டாவது வகை டயரைக் கிழிக்கும் வகை. அந்த வாகனத்தை ஏ9 நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்ட வேண்டாம்.

ஃபிளேயர் ஸ்குரூ சுற்றுகிறது, வெளியே வரவில்லை

பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் முளையோ தகட்டு நட்டோ சேர்ந்து சுற்றுகிறது. லைனரின் இரண்டு மூன்று கிளிப்பைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, நட்டைக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். கை எட்டாவிட்டால், ஃபிளேயருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி வெளியே இழுத்தபடி திருப்பினால் முளை இறுகிப் பிடித்து ஸ்குரூ வரும்.

கறள் பிடித்து அசையவே இல்லை என்றால் ஊடுருவும் எண்ணெய் அடித்து அரை மணித்தியாலமாவது விடுங்கள். உடனே பலம் கொடுத்தால் தலையின் பிடி அழிந்துவிடும். அழிந்துவிட்டதா? ஸ்குரூவின் தண்டை விடக் கொஞ்சம் பெரிய டிரில் பிட்டால் தலையை மட்டும் துளையுங்கள். தலை கழன்று விழுந்த கணத்தில் நிறுத்த வேண்டும், பின்னால் வயர் போகலாம். ரிவிற்றுக்கும் இதே முறைதான்.

ஸ்குரூ எல்லாம் கழன்றும் ஃபிளேயர் அசையவில்லை

இழுக்க வேண்டாம். மூன்றில் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது: கண்ணில் படாத கிளிப், இரட்டைப் பக்க ஒட்டு நாடா, அல்லது ஃபிளேயரிலேயே பூட்டியிருக்கும் பக்க விளக்கின் வயர். நாலு கதவுப் பஜெரோ போன்றவற்றில் பின் ஃபிளேயரின் ஒரு துண்டு கதவில் தனியாக இருக்கும். அதையும் சேர்த்து ஒரே துண்டென்று இழுத்தால் கதவுத் தகரம் வளையும்.

ஒட்டு நாடாவைச் சூடுதான் இளக்கும். சித்திரை வெயிலில் மதியம் வரை நிறுத்தினால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். மற்ற மாதங்களில் ஹீற் கன், அல்லது தலைமயிர் உலர்த்தும் டிரையர். கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு வந்தால் போதும், அதற்கு மேலே போனால் பெயின்ற் கொப்பளிக்கும். சூடு ஏறியதும் தடித்த தங்கூசி நூலை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, ஃபிளேயருக்கும் தகரத்துக்கும் இடையே வாள் இழுப்பது போல இழுத்து நாடாவை அறுத்துக்கொண்டு போகலாம். ஸ்குரூ டிரைவரால் கிண்டுகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு கிண்டலும் பெயின்றில் ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் நாளைக்கு ஒரு கறள் புள்ளி.

மிஞ்சிய பசையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்து உருட்டி எடுங்கள். தின்னர் வேண்டாம். எங்கள் ஊர் ஜீப்புகளில் அநேகமானவை ஒரு தடவையாவது மறு பெயின்ற் கண்டவை, தின்னர் பட்டால் அந்தப் பெயின்ற் சுருண்டு எழும்பும்.

கழற்றியதும் உள்ளே கறள்

இதுதான் யாழ்ப்பாணத்து வாகனங்களில் முக்கியமான அறிகுறி. ஆறுதலாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

மணற்காடு, சுண்டிக்குளம், வடமராட்சி கிழக்குக் கரை என்று ஓடிய ஒரு ஜீப்பின் ஃபிளேயரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் பின்பக்க மடிப்பில் மணல் கட்டியாக இறுகி இருக்கும். விரலால் நெரித்தால் மேலே காய்ந்த தூள், உள்ளே ஈரம். வெயில் எரிக்கிற மாதத்திலும் அந்த ஈரம் காயாது, ஏனென்றால் மணலோடு உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாகனம் அதிரும்போதெல்லாம் அந்த மணல் ஃபிளேயருக்கும் பெயின்றுக்கும் நடுவே அரைத்துக்கொண்டே இருக்கும். பெயின்ற் மங்கி, பிறகு பிறைமர் தெரிந்து, பிறகு இரும்பு வெளிப்படும். கிளிப் ஓட்டைகள் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமாகக் கறள் பரவியிருக்கும். ஓட்டை துளைத்த இடத்தில் பெயின்ற் ஓரம் ஏற்கெனவே உடைந்திருப்பதால் தொடக்கம் எப்போதும் அங்கேதான். கடற்கரைக்கே போகாவிட்டாலும் பண்ணைப் பாலத்தாலோ ஆனையிறவாலோ நாள்தோறும் போய்வரும் வாகனங்களில் இதே கதை மெதுவாக நடக்கும்.

முதலில் மணலையும் உப்பையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரால் கழுவிப் பயனில்லை. காய்ந்த பின் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டு போங்கள். "டங்" என்று கேட்டால் தகரம் உயிரோடு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் நுனியால் ஊன்றிப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே தகரம் இல்லை, பெயின்றும் கறளும் மட்டுமே இருந்திருக்கின்றன.

மேற்பூச்சுக் கறள் என்றால் உதிரும் கறளையெல்லாம் கம்பித் தூரிகையால் எடுத்து, மிஞ்சி ஒட்டியிருக்கும் கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றியைப் பூசி, அது கறுத்துக் காய்ந்த பின் எபொக்சி பிறைமர். ஓட்டை என்றால் புது இரும்புத் துண்டு வைத்து வெல்ட் பண்ண வேண்டும். ஓட்டைக்கு மேல் புட்டி அப்பி மூடுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். புட்டி ஈரத்தை உறிஞ்சும்; மாரி வந்து போனதும் அது கட்டியாகக் கழன்று விழும், அதற்குள் சுற்றியுள்ள நல்ல தகரமும் போயிருக்கும்.

ஃபிளேயரை இனிப் பூட்டப் போவதில்லையா? கிளிப் ஓட்டைகளை மூட வேண்டும். முன் மட்காட்டில் ஓட்டை வழியே வரும் தண்ணீர் கீழே ஒழுகிப் போய்விடும். பின் வளைவில் அதே ஓட்டை வெளித்தகரத்துக்கும் உள்தகரத்துக்கும் நடுவிலுள்ள கூட்டுக்குள் திறக்கும், உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கும். வெல்ட் பண்ணி மூடுவது நல்லது. முடியாவிட்டால் ஓட்டை ஓரத்துக்குப் பிறைமர் வைத்து, சீலர் பூசிய ரப்பர் மூடியை அழுத்துங்கள். மறுபடி பூட்டுவதானால் பழைய கிளிப்பைத் திரும்பப் போடாமல் புதியதை வாங்குங்கள். ஸ்டான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கத்துக் கடைகளுக்குப் பழைய கிளிப் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோனால் வேலை இலகு. ஒட்டு நாடாவைச் சுற்றிலும் முழுதாக ஒட்ட வேண்டாம். கீழ் முனையில் தண்ணீர் வடிய இடைவெளி இருக்கட்டும்.

டிஃபெண்டர்காரருக்கு ஒரு வார்த்தை: உங்கள் மட்காட் அலுமினியம். அதில் சாதாரண இரும்பு ஸ்குரூவை முறுக்கினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். பிளாஸ்டிக் ரிவிற்றே போதும்.

ஒழுங்கைக்குள் முழுதாக ஒடிக்கும்போது மட்டும் உரசுகிறது

ஸ்டியரிங் முழுதாக ஒடிந்த நிலையில் உரசல், நேரே ஓடும்போது ஒன்றுமில்லை. காரணம் அநேகமாக டயர் உயரத்தைவிட ரிம்மின் ஓஃப்செற்தான்; அது கூடினால் சில்லு உள்ளே போகும், குறைந்தால் வெளியே தள்ளும். சில்லு எவ்வளவுக்கு வெளியே தள்ளி நிற்கிறதோ, ஒடிக்கும்போது அது அவ்வளவுக்குப் பெரிய வளைவில் சுழலும். இடப்பக்கம் ஒடித்தால் இடச் சில்லு கொஞ்சம் பின்னுக்குப் போகும், வலச் சில்லு முன்னுக்கு வரும். ஆகவே திரும்பும் பக்கத்தில் வளைவின் பின்மூலையிலும் பொடியைச் சேசிஸோடு பிடிக்கும் பொடி மவுண்டிலும் சுண்ணாம்பு அழிந்திருக்கும். மற்றப் பக்கத்தில் பம்பர் மூலையில் அழிந்திருக்கும்.

ஸ்பேசர் (சில்லை வெளியே தள்ளும் இடைத் தட்டு) போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். பம்பரின் பிளாஸ்டிக் மூலையை வெட்டுவது பயமில்லாத வேலை, கூரான கத்தியும் அரமும் போதும். லைனர் மட்டும் தொடுகிறது என்றால் சூடு காட்டி உள்ளே தள்ளி, ஆறும் வரை அழுத்திப் பிடித்தால் அந்த வடிவிலேயே நிற்கும். ஜிம்னி போலத் திட அச்சுள்ள வாகனங்களில் ஸ்டியரிங்கின் எல்லையை நிறுத்தும் போல்ற் ஒன்று இருக்கும். அதைக் கொஞ்சம் வெளியே எடுத்தாலும் உரசல் நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக எடுத்துப் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். ஆனால் திரும்பும் வட்டம் பெரிதாகும். இரு பக்கமும் வேலி நெருங்கிய ஒழுங்கைக்குள் வீடு இருப்பவர் ஒவ்வொரு நாளும் அதை உணர்வார். நான் இதைக் கடைசித் தெரிவாகத்தான் வைப்பேன்.

நேரே போகும்போது பள்ளத்தில் மட்டும் உரசுகிறது

சில்லு முழுதாக மேலே ஏறும்போது டயரின் உச்சி தொடுகிறது. இங்கே பலரும் செய்வது முன்பக்க டோர்ஷன் பாரை (ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பி) முறுக்கி வாகனத்தை உயர்த்துவது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் இடைவெளி கூடிய மாதிரித் தெரியும். ஆனால் சில்லு மேலே எவ்வளவு தூரம் போகலாம் என்று தீர்மானிப்பது பம்ப் ஸ்டொப் ரப்பர். அதை மாற்றாமல் உயர்த்தினால், ஆழமான பள்ளத்தில் சில்லு முன்பு போன அதே இடத்துக்குத்தான் போகும், அதே இடத்தில்தான் உரசும். அதற்கு மேல், சில்லு கீழே இறங்கும் தூரம் குறைந்து ஓட்டம் முரடாகும்.

கணக்கைப் பாருங்கள். 265/70R16 டயரின் விட்டம் ஏறத்தாழ 777 மில்லிமீற்றர். 285/75R16 போட்டால் 834. உச்சி 28 மில்லிமீற்றர் மேலே போகிறது, அகலத்திலும் 20 கூடுகிறது. ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 64 இல் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த 28 மில்லிமீற்றருக்கு ஈடாக உயரமான பம்ப் ஸ்டொப் பூட்டுவது ஒரு வழி, ஒரு படி சிறிய டயருக்கு இறங்குவது இன்னொரு வழி. இரண்டும் வேண்டாம், இந்த டயர்தான் வேண்டும் என்றால் அப்போதுதான் வெட்டு.

ஒரு சில்லு வரம்பில் ஏறும்போது பின்பக்கம் உரசுகிறது

பின் சில்லு சரிந்து ஏறும்போது டயரின் மேல் தோள் வளைவின் உள் மடிப்பில் கொளுவுகிறது. ஜிம்னியைப் போலச் சுருள் ஸ்பிரிங்கும் அச்சைப் பிடிக்கும் நீளக் கைகளும் உள்ள வாகனத்தை உயர்த்தியிருந்தால் இன்னொன்றும் நடக்கும்: முன் அச்சு கொஞ்சம் பின்னுக்கும் பின் அச்சு கொஞ்சம் முன்னுக்கும் இழுபடும். முன் டயர் வளைவின் பின்மூலையிலும், பின் டயர் வளைவின் முன்மூலையிலும் தொட்டால் காரணம் இதுதான். இதற்குத் தகரத்தை வெட்டுவது மருந்தல்ல, அச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் புஷ் (கையின் முனையில் இருக்கும் ரப்பர்) அல்லது நீளம் மாறிய கைகள்தான் மருந்து.

வேகமாக ஓடும்போது மட்டும் படபடவென்று சத்தம்

டயர் உரசவில்லை. கிளிப் கழன்ற லைனர் காற்றில் அடிக்கிறது. கிளிப் போடுங்கள்.

முன் மட்காட்டை வெட்டுவது

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, வெட்டத்தான் வேண்டும். முன் மட்காட் பெரும்பாலான ஜீப்புகளில் போல்ற் போட்டுப் பூட்டிய ஒற்றைத் தகரம். தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதனால் இங்கே வெட்டுவது ஓரளவு பயமில்லாத வேலை.

பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம், சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். மணல் நிலம் என்றால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை போட வேண்டும். சில்லைக் கழற்றி, லைனரையும் கழற்றி, தகரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். சிக்னல் விளக்கு வயர், கண்ணாடி கழுவும் தண்ணீர்ப் போத்தல், ஏபிஎஸ் வயர், பிறேக் குழாய், ஸ்நோர்கல் இருந்தால் அதன் குழாய். வழியில் இருப்பதைக் கட்டி ஒதுக்குங்கள்.

வெட்டும் கோட்டை ஒட்டு நாடாவால் போடுங்கள். பேனையால் கீறினால் வளைவு நேராக வராது. ஒரு பக்கத்தில் போட்டதும் கடதாசியில் அச்சு எடுத்து மற்றப் பக்கத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாக இருக்கும். சுண்ணாம்பு அழிந்த இடத்துக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டால் போதும். கராஜில் டிங்கர் அண்ணை "தம்பி, ஒரேயடியா மேல வெட்டி விடுவம், பிறகு மினக்கெடத் தேவையில்லை" என்பார். அன்போடு சொல்வதுதான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். குறைத்து வெட்டினால் இன்னொரு தடவை வெட்டலாம். கூட வெட்டினால் ஒட்டுவதற்குத் தகரம் இல்லை. ஃபிளேயரைத் திரும்பப் பூட்டும் எண்ணம் இருந்தால், அதன் ஸ்குரூ வரிசைக்கு மேலே கோடு போகாமல் பாருங்கள்.

கிறைண்டரில் ஒரு மில்லிமீற்றர் வெட்டுத் தட்டு போடுங்கள். சிறு சிறு இழுவையாக வெட்ட வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் தகரம் சூடேறி, கோட்டுக்கு மேலேயும் பெயின்ற் கருகும். முன் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் ஈரச் சாக்கால் மூடுங்கள். கிறைண்டர் பொறி கண்ணாடியில் உருகிப் பதிந்தால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. உங்கள் கண்ணுக்கும் அதேதான். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

வெட்டியதும் அரத்தால் பிசிறை எடுங்கள். விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தால் கீறக் கூடாது. பெற்றோலால் அல்லாமல், எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்து, எபொக்சி பிறைமர் இரண்டு பூச்சு, காய்ந்த பின் மேல் பெயின்ற். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்தில் ஸ்பிறே அடித்தால் புழுதி எல்லாம் பெயின்றில் ஒட்டும், அந்தக் காலத்தில் தூரிகையால் பூசுவதே நல்லது. உள் விளிம்புதானே, யார் பார்க்கப் போகிறார்கள். விளிம்புக்கு மாட்டும் ரப்பர்ப் பட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பள்ளத்தில் உப்புத் தண்ணீர் தங்கும். மாட்டியே ஆக வேண்டும் என்றால் பெயின்ற் நன்றாக இறுகிய பிறகு, பள்ளம் நிறையச் சீலர் வைத்து மாட்டுங்கள்.

பின் வளைவை வெட்டுவது

இது வேறு வேலை. பின் வளைவில் வெளித்தகரமும் உள்தகரமும் விளிம்பில் சேர்த்து ஸ்பொட் வெல்ட் பண்ணப்பட்டிருக்கும். அந்த மடிப்பை வெட்டி எடுத்தால் இரண்டும் பிரிந்து, நடுவே இருக்கும் கூடு திறந்துவிடும். தண்ணீரும் சேறும் உள்ளே போவது ஒரு பக்கம். பொடியின் பலமும் போகிறது. 1999 இல் தொடங்கிய மூன்றாம் தலைமுறைப் பஜெரோவும் மொன்ரேறோவும் சேசிஸும் பொடியும் ஒன்றாகச் சேர்ந்த கட்டமைப்பு, அவற்றில் இந்த இழப்பு இன்னும் பெரியது.

மடிப்பு மட்டும்தான் தொடுகிறது என்றால் வெட்டவே வேண்டாம். பெயின்ற் வெடிக்காதபடி சூடு காட்டி, மரக்கட்டை வைத்து, சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாக மடிப்பை உள்ளே படுக்கவிடலாம். கூடுதல் இடம் வேண்டும் என்றால், மடிப்பில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை செங்குத்தாகக் கீறி, துண்டு துண்டாக உள்ளே மேல்நோக்கி மடக்கி, இரண்டு தகரத்தையும் மறுபடி சேர்த்து வெல்ட் பண்ண வேண்டும். இதற்குச் சீஓடூ (CO2 வாயு) வெல்டிங் உள்ள கராஜ்தான் சரி. சாதாரண கம்பி வெல்டிங் இந்த மெல்லிய தகரத்தை ஓட்டை போடும்.

பெற்றோல் அல்லது டீசல் ஊற்றும் வாய் உள்ள பக்கத்தில் கிறைண்டரைத் தூக்கவே வேண்டாம். ஊற்றும் குழாய் அந்த வளைவுக்குப் பின்னாலேயே போகிறது. அங்கே இரும்பு வாள் பிளேட்டால், பொறி பறக்காமல், ஆறுதலாக அறுங்கள். வெல்ட் பண்ண வேண்டி வந்தால் குழாயையும் தாங்கியையும் கழற்றி அப்புறப்படுத்திய பிறகுதான். இதில் எந்தக் குறுக்கு வழிக்கும் நான் உடன்பட மாட்டேன்.

வெட்டிய பிறகு கால் வைக்கும் இடத்தில் அல்லது பின் கம்பளத்தில் ஈரம்

சீலர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஒருவர் உள்ளே கம்பளத்தைத் தூக்கிவிட்டு டோர்ச்சோடு இருக்க, மற்றவர் வெளியே வளைவுக்குள் குழாய்த் தண்ணீர் அடிக்க வேண்டும், கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே. ஈரம் தோன்றும் இடத்தைக் குறித்து, காயவிட்டு, பழைய சீலரைச் சுரண்டிப் புதிதாகப் பூசுங்கள். ஈரத்துக்கு மேல் பூசிய சீலர் ஒட்டாது.

கதவெல்லாம் சேறு, பின்னால் வருபவர்மேல் கல்

ஃபிளேயர் இருந்ததே இதற்காகத்தான். டயரின் அகலம் மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், எறியும் கல் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் முகத்துக்குத்தான் போகும். அப்படி ஓடக் கூடாது. அகலமான வேறு ஃபிளேயரைப் பூட்டுங்கள், அல்லது ஓஃப்செற் கூடிய ரிம்முக்கு மாறுங்கள், பின்னால் மண் தடுப்பு ரப்பரும் போடுங்கள். பொடியில் பெரிய மாற்றம் செய்வதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுவதும், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதும் உங்கள் பொறுப்பு. விபத்து நடந்த பிறகு அறிவித்தால் அதற்குப் பெறுமதி இல்லை.

சில மாதம் கழித்து வெட்டிய விளிம்பில் பெயின்ற் பொங்குகிறது

விளிம்பின் கூர்மையில் பெயின்ற் எப்போதும் மெல்லியதாகத்தான் நிற்கும், உப்பு அங்கிருந்துதான் உள்ளே நுழையும். பொங்கிய இடத்தை மட்டும் சுரண்டினால் பக்கத்தில் மறுபடி பொங்கும். நல்ல பெயின்ற் இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடம் வரை, அதற்கு அப்பாலும் இரண்டு சென்ரிமீற்றர், இரும்பு தெரியத் தேய்த்து எடுங்கள். விளிம்பை அரத்தால் கொஞ்சம் உருட்டிவிட்டால் புதுப் பூச்சு அதில் தடிப்பாக நிற்கும். பிறகு முன்பு சொன்ன வரிசைதான்: கழுவு, காயவிடு, கறள் மிஞ்சிய இடத்துக்குக் கறள் மாற்றி, எபொக்சி, பெயின்ற். ஐப்பசி மழை தொடங்க முன், பின் வளைவின் கூட்டுக்குள் மெழுகு எண்ணெயை நீளக் குழாயால் ஸ்பிறே அடித்துவிடுங்கள். கரைப் பக்கம் ஓடி வந்தால் அன்றைக்கே வளைவுகளின் உட்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மேலே பொடியைக் கழுவுவது அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.